பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர் வரவில்லை: ஓஎஸ் திரும்பப் போட வேண்டுமா?

அக்டோபர் 9, 2024, வாசகர் கேள்வி

அண்ணே, மணலியில ஒரு கன்டெய்னர் யார்டுல சிஸ்டம் பாக்குறேன். விண்டோஸ் சர்வர் 2019, அதுலயே எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ். எடை மேடை பில்லு, கேட் பாஸ் எல்லாம் அதுலதான் ஓடுது. பாரிமுனை ஹெட் ஆபீஸ்ல இருக்குற மானிட்டரிங் சர்வர் இதைக் கண்காணிக்குது. போன வாரத்துலேர்ந்து பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர், அதாவது சர்வர் எவ்வளவு வேலை பாக்குதுன்னு காட்டுற அளவு, எதுவும் வரலை: சிபியு, மெமரி, டிஸ்க், எஸ்க்யூஎல்னு எல்லாக் கட்டமும் காலி. ஆனா சர்வர் நல்லாத்தான் ஓடுது, லாரி எதுவும் நிக்கலை. யாரோ சொன்னாங்கன்னு, கவுண்டரைத் திரும்பக் கட்டுற கட்டளைன்னு லாட்சிடிஆர் ஸ்லாஷ் ஆர் போட்டேன், எரர் கோட் 2ன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. மேனேஜர் "ஓஎஸ்ஸைத் திரும்பப் போடு, தீபாவளிக்குள்ள முடி"ங்கிறார். கவுண்டர் கெட்டுப்போனா அதைத் தவிர வேற வழி இல்லைன்னுதான் எனக்கும் தோணுது. சரிதானா?

அக்டோபர் 9, இரவு

சரி இல்லை. அந்த வேலையை அப்படியே நிறுத்தி வையுங்கள்.

எடை மேடையில் லாரி நிற்கிறது, டிஸ்ப்ளே ஒயரை எலி கடித்துவிட்டது, முகப்பில் ஒன்றும் தெரியவில்லை என்றால் மேடையையா பெயர்த்துப் போடுவீர்கள்? எடை லாரியில்தான் இருக்கிறது. இங்கேயும் சிபியு எவ்வளவு நேரம் வேலை செய்தது, டிஸ்க்கில் எத்தனை பைட் எழுதினார்கள் என்கிற கணக்கை ஓஎஸ்ஸின் உட்கருவான கெர்னலும் மற்ற சர்வீஸ்களும் தம்பாட்டுக்கு வைத்துக்கொண்டேதான் இருக்கின்றன. அதைப் பெயர் சொல்லிக் கேட்டு எடுத்து வரும் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது.

அந்த வழியில் கைமாற்று நிறைய. ஒவ்வொரு கவுண்டர் கூட்டத்துக்கும் எண்ணை எடுத்துக் கொடுக்க ஒரு டிஎல்எல், அதாவது நிரல் கோப்பு. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரிஜிஸ்ட்ரியில் பெயர்ப் பட்டியல். அதைப் படித்துக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் பிடிஎச் நூலகம். பக்கத்திலேயே இன்னொரு பாதையாக, கேட்கிறவர்களுக்கு விண்டோஸின் நிலவரத்தைச் சொல்லும் டபிள்யூஎம்ஐ சர்வீஸ். அப்புறம் நெட்வொர்க், அனுமதி, எண்ணைச் சேகரித்து அனுப்பும் மானிட்டரிங் ஏஜென்ட், கடைசியில் ஹெட் ஆபீஸ் திரை. எந்த இடத்தில் அறுந்தாலும் திரையில் தெரிவது ஒரே காலிக் கட்டம்தான். அதனால் திரையைப் பார்த்து வைத்தியம் பார்க்க முடியாது.

முதலில் யார்டு சர்வரிலேயே உட்கார்ந்து, விண்டோஸோடு வரும் கவுண்டர் பார்க்கும் கருவியான பெர்ஃப்மானைத் திறந்து பாருங்கள். இல்லையென்றால் அட்மின் கமாண்ட் விண்டோவில், அதே எண்களை வரிவரியாகக் காட்டும் டைப்பெர்ஃப் கட்டளை. அங்கே எண் ஓடினால் பெர்ஃப்லிப் (விண்டோஸின் கவுண்டர் பகுதி) பக்கம் நன்றாக இருக்கிறது, தேட வேண்டியது டபிள்யூஎம்ஐக்கும் பாரிமுனைக்கும் நடுவில். அங்கேயே வரவில்லை என்றால் கோளாறு மணலியில்.

இன்னொன்று. மானிட்டரிங் சர்வர் வெறுமனே "காலி" என்று சொல்வதில்லை, லாகில் ஒரு எண் போட்டிருக்கும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

3221228472 என்றால் அந்த ஆப்ஜெக்டே (மெமரி, புராசஸர் மாதிரி ஒரு கவுண்டர் தொகுப்பு) இல்லை என்கிறது. 3221228473 என்றால் ஆப்ஜெக்ட் இருக்கிறது, அதற்குள் நீங்கள் கேட்ட கவுண்டர் இல்லை. 2147485649 என்றால் இரண்டும் சரி, இன்ஸ்டன்ஸ் (எந்த டிஸ்க், எந்த பிராசஸ் என்பது) இல்லை: டிஸ்க் எழுத்து மாறியிருக்கும், பிராசஸ் செத்திருக்கும். 2147485653 என்றால் எல்லாம் இருக்கிறது, கொடுப்பதற்குத் தரவு இல்லை. இந்த நான்கையும் பிரித்துப் பார்த்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

அக்டோபர் 10, காலை

எரர் கோட் 2 பற்றி நேற்று எழுத விட்டுப்போனது. போனில் தமிழ் கீபோர்டில் அடிப்பதால் கட்டளைகளை ஓசைப்படி எழுதுகிறேன்; நீங்கள் அடிக்கும்போது எல்-ஓ-டி-சி-டி-ஆர், ஒரு இடைவெளி, ஸ்லாஷ், பெரிய எழுத்து ஆர்.

எரர் கோட் 2 என்பது, பேக்கப் கோப்பிலிருந்து கவுண்டர் அமைப்பைத் திரும்பக் கட்ட முடியவில்லை என்பதற்கான செய்தி. பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. கமாண்ட் விண்டோவை அட்மினாகத் திறந்தீர்களா என்று முதலில் பாருங்கள். திறந்தும் அதே செய்தி வந்தால் திரும்ப ஒரு முறை அடியுங்கள். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் இரண்டாவது தடவையில் சாதுவாக வேலை செய்வதை இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். சிஸ்டம்32 ஃபோல்டரில் ஒரு தடவை, சிஸ்வாவ்64 ஃபோல்டரில் ஒரு தடவை, இரண்டு இடத்திலும் ஓட்ட வேண்டும். 64 பிட் சர்வரில் 32 பிட் உலகம் தனியாக வாழ்கிறது.

ஓட்டுவதற்கு முன் லாட்சிடிஆர் ஸ்லாஷ் எஸ், ஒரு முக்காற்புள்ளி, கோப்புப் பெயர் என்று கொடுத்து இப்போதைய நிலையைச் சேமித்துவிடுங்கள். கெட்டுப்போன நிலைதானே, அதைச் சேமித்து என்ன பண்ண என்று கேட்காதீர்கள். இருக்கட்டும்.

அக்டோபர் 10, இரவு

மணலித் தம்பி பதில் அனுப்பியிருக்கிறார். பெர்ஃப்மான் திறக்கிறது, ஆனால் கவுண்டர் சேர்க்கும் பட்டியலில் பெயர்களுக்குப் பதிலாக வெறும் எண்கள். லாகில் 3221228472. ஸ்க்ரீன்ஷாட்டும் உண்டு. புராசஸர் என்று இருக்க வேண்டிய இடத்தில் 238 என்று நிற்கிறது.

இதைப் பார்த்ததும் எனக்குப் பாரம் இறங்கியது. எண் தெரிவது நல்ல அறிகுறி. கவுண்டர் இருக்கிறது, பெயர்ப்பலகை மட்டும் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

விண்டோஸ் ஒவ்வொரு கவுண்டரையும் உள்ளுக்குள் எண்ணால்தான் அறியும். 2 என்றால் சிஸ்டம், 4 மெமரி, 6 என்பது சிபியு நேர சதவீதம், 230 பிராசஸ், 234 பிசிக்கல் டிஸ்க், 236 லாஜிக்கல் டிஸ்க், 238 புராசஸர். பெயர்கள் இரட்டைப்படை எண்ணில், அவற்றின் விளக்க வாக்கியங்கள் அடுத்த ஒற்றைப்படை எண்ணில். ரிஜிஸ்ட்ரியில் பெர்ஃப்லிப் என்கிற சாவிக்குள் 009 என்று ஒரு கிளை இருக்கும்; 009 என்பது ஆங்கிலத்துக்கான குறி. அதற்குள் கவுண்டர், ஹெல்ப் என்று இரண்டு நீண்ட பட்டியல். கவுண்டர் பட்டியலைத் திறந்தால் ஒரு வரியில் எண், அடுத்த வரியில் பெயர், திரும்ப எண், திரும்பப் பெயர் என்று இறங்கிக்கொண்டே போகும். நடுவில் ஒரு வரி காணாமல் போனால் அதற்குக் கீழே எண்ணும் பெயரும் இடம் மாறி நிற்கும். பட்டியல் பாதியில் அறுந்திருந்தால் மீதிக்கெல்லாம் எண்தான்.

அதே பெர்ஃப்லிப் சாவியில் லாஸ்ட் கவுண்டர், லாஸ்ட் ஹெல்ப் என்று இரண்டு மதிப்புகள் இருக்கும். பட்டியலின் கடைசி எண்ணோடு அவை பொருந்த வேண்டும். பேஸ் இண்டெக்ஸ் என்று ஒன்று இருக்கும், அது 1847. அதற்கு மேற்பட்ட எண்கள் பிற்பாடு வந்து சேர்ந்த மென்பொருள்களுக்கு. கவனியுங்கள், இதெல்லாம் பார்க்கத்தான் சொல்கிறேன். கையால் திருத்தப் போகாதீர்கள். சர்வர் 2003 காலத்தில் சிடியிலிருந்து கோப்பை விரித்துப் போட்டு, அந்த மதிப்புகளைக் கையால் மாற்றி, கண் பூத்துப் போகும் வரை வரி எண்ணியிருக்கிறோம். இப்போது அதற்கு அவசியம் இல்லை.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. யார்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டார்களாம், கிரேனிலிருந்து சர்வர் ரேக் வரை. இன்றைக்கு யாரும் எதையும் தொடக் கூடாது என்று உத்தரவு. சந்தனத்தை ரேக் கதவில் பூசுங்கள், சர்வரின் முன்பக்கக் காற்றுத் துளையில் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். பொரி உள்ளே போன கதையெல்லாம் உண்டு, இன்னொரு நாள்.

அக்டோபர் 13

ஸ்லாஷ் ஆர் இரண்டாவது முறையில் வேலை செய்திருக்கிறது. பெயர்கள் திரும்பிவிட்டன. பெர்ஃப்மானில் சிபியு கோடு ஓடுகிறது. ஹெட் ஆபீஸ் திரையில் சிபியு, மெமரி வந்துவிட்டன. எஸ்க்யூஎல் கட்டங்கள் மட்டும் இன்னும் காலி. "அண்ணே, முன்னாடி நம்பராவது இருந்துச்சு, இப்ப எஸ்க்யூஎல் பேரே லிஸ்ட்ல இல்லை" என்கிறார்.

இது எதிர்பார்த்ததுதான். ஸ்லாஷ் ஆர் விண்டோஸின் சொந்தக் கவுண்டர்களைப் பெரும்பாலும் ஒழுங்காகத் திரும்பக் கட்டும். மற்ற மென்பொருள்கள் கொண்டுவந்து வைத்தவை சில நேரம் விட்டுப்போகும். அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பப் பதிவு செய்ய வேண்டும்.

எஸ்க்யூஎல்லுக்கு வழி இது. எஸ்க்யூஎல்லின் பின் (பி-ஐ-என்-என்) ஃபோல்டருக்குள் பெர்ஃப் என்று தொடங்கி எஸ்க்யூஎல்சிடிஆர் என்று முடியும் ஒரு ஐஎன்ஐ கோப்பு இருக்கும். நடுவில் உங்கள் எஸ்க்யூஎல் இன்ஸ்டன்ஸின் (சர்வரில் தனியாக ஓடும் ஒரு எஸ்க்யூஎல் நிறுவலின்) சர்வீஸ் பெயர். எந்தக் கோப்பு என்று சந்தேகம் வந்தால் ரிஜிஸ்ட்ரியில் சர்வீசஸ் கிளைக்குள் அந்த சர்வீஸ் பெயரின் கீழ் பெர்ஃபார்மன்ஸ் என்ற சாவியைத் திறங்கள். பெர்ஃப்ஐஎன்ஐஃபைல் என்ற மதிப்பில் அந்தப் பெயரே எழுதியிருக்கும். முதலில் பழைய பதிவை நீக்க அன்லாட்சிடிஆர், அதன்பின் சர்வீஸ் பெயர். அப்புறம் லாட்சிடிஆர், அதன்பின் அந்த ஐஎன்ஐ கோப்பின் முழுப் பாதை.

தம்பியின் இன்ஸ்டன்ஸுக்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதனால் ஆப்ஜெக்ட் பெயர் எஸ்க்யூஎல்சர்வர் என்று தொடங்காது. எம்எஸ்எஸ்க்யூஎல், ஒரு டாலர் குறி, இன்ஸ்டன்ஸ் பெயர் என்று தொடங்கும். மானிட்டரிங் பக்கம் பொதுப் பெயரை எழுதி வைத்திருந்தால் கவுண்டர் உயிரோடு இருந்தாலும் 3221228472 தான் வரும்.

இவ்வளவும் செய்தபின் எஸ்க்யூஎல் சர்வீஸை ஒரு தடவை நிறுத்தி எழுப்ப வேண்டும். அங்கேதான் சிக்கல். யார்டு இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது. துறைமுகத்துக்குள் லாரி போவது ராத்திரியில்தான் அதிகம். எஸ்க்யூஎல்லை நிறுத்தினால் எடை மேடை நிற்கும், எடை மேடை நின்றால் வரிசை எண்ணூர் விரைவுச் சாலை வரை போகும், டிரைவர்கள் தம்பியின் அம்மா அப்பாவையெல்லாம் நலம் விசாரிப்பார்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தைப் பிடியுங்கள்.

அக்டோபர் 15

மழை. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு. தம்பி போன் பண்ணி, "அண்ணே, எல்லாக் கட்டமும் திரும்பக் காலி, கவுண்டர் மறுபடி போச்சு" என்றார். லாகில் என்ன எண் என்றேன். 1722.

அது கவுண்டர் எண்ணே கிடையாது. அந்தப் பக்கம் ஆர்பிசி சர்வர் (தொலைவிலிருந்து வரும் அழைப்பை வாங்குவது) கிடைக்கவில்லை என்கிற செய்தி. யார்டில் கரண்ட் போய் லிங்க் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். மேனேஜருக்கு மட்டும் "கவுண்டர்" என்ற வார்த்தை பிடித்துவிட்டது. கேன்டீனில் டீ வராவிட்டாலும் கவுண்டர் போச்சா என்கிறாராம்.

அக்டோபர் 18

வேறொருவர் கேட்டது: "பெர்ஃப்மானில் வருகிறது, டைப்பெர்ஃப்பில் வருகிறது, என் மானிட்டரிங்கில் மட்டும் இல்லை. ஏஜென்ட் இல்லாமல் டபிள்யூஎம்ஐ வழியாக எடுக்கிறது."

அப்படியானால் டபிள்யூஎம்ஐ தன் பிரதியைப் புதுப்பிக்கவில்லை. பெர்ஃப்லிப்பில் இருப்பதைப் பார்த்து வின்32 பெர்ஃப் என்று தொடங்கும் வகுப்புகளை டபிள்யூஎம்ஐ தனக்கென்று செய்து வைத்துக்கொள்ளும். நீங்கள் பெர்ஃப்லிப்பைத் திரும்பக் கட்டினால் அதற்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று நம்பக் கூடாது. வின்மேன்ஜ்எம்டி ஸ்லாஷ் ரீசிங்க்பெர்ஃப் என்ற கட்டளையைக் கொடுத்து, டபிள்யூஎம்ஐ சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெர்ஃபார்மன்ஸ் லாக்ஸ் அண்ட் அலர்ட்ஸ் சர்வீஸையும் சேர்த்துத்தான்.

டபிள்யூஎம்ஐ ரெப்பாசிட்டரியையே, அதாவது அதன் தரவுக் கிடங்கையே, அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொல்லி நெட்டில் பாடம் எடுக்கிறவர்கள் உண்டு. வேண்டாம். அதன்மேல் நிற்கும் மென்பொருள்கள் ஒவ்வொன்றாக விழும், அப்புறம் ஓஎஸ் போடுகிற வேலை நிஜமாகவே வந்து சேரும்.

அக்டோபர் 20

பெயர் திரும்பியது, சரி. பெயர்ப் பட்டியல் ஏன் கெட்டது? இது தெரியாமல் ஸ்லாஷ் ஆர் போட்டுவிட்டுப் போனால் அடுத்த மாதம் இதே இழையில் இதே கேள்வி வரும். அன்றைக்கு மணலித் தம்பி ஏற்கெனவே ஸ்லாஷ் ஆர் போட்டுவிட்டதால் அந்த வழியிலேயே நானும் போனேன். புதிதாக வருகிறவர்களுக்கு என் யோசனை வேறு: முதலில் ஸ்லாஷ் க்யூ, அப்புறம்தான் ஸ்லாஷ் ஆர்.

லாட்சிடிஆர் ஸ்லாஷ் க்யூ எதையும் மாற்றாது. பதிவான கவுண்டர் சர்வீஸ்கள், ஒவ்வொன்றின் டிஎல்எல், எனேபிள்டா டிஸேபிள்டா என்று பட்டியல் மட்டும் தரும். அதில் டிஸேபிள்ட் என்று நிற்பதுதான் பல நேரம் குற்றவாளி.

ஒரு கவுண்டரின் டிஎல்எல் திறக்கும்போது தகராறு செய்தால் பெர்ஃப்லிப் அப்ளிகேஷன் லாகில் 1008 என்று எழுதும். டிஎல்எல்லையே ஏற்ற முடியவில்லை என்றால் 1023. தொந்தரவு தொடர்ந்தால் 1017 என்று எழுதிவிட்டு, அந்த சர்வீஸின் பெர்ஃபார்மன்ஸ் சாவிக்குள் டிஸேபிள் பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர்ஸ் என்ற மதிப்பை 1 ஆக்கிவிடும். இது விண்டோஸே செய்கிற காரியம், யாரும் உள்ளே புகுந்து செய்ததில்லை. ஆனால் அதன்பிறகு நீங்கள் அந்த டிஎல்எல்லைச் சரி செய்தாலும் கவுண்டர் வராது, பூட்டு அப்படியே தொங்கும். லாட்சிடிஆர் ஸ்லாஷ் இ, முக்காற்புள்ளி, சர்வீஸ் பெயர் என்று கொடுத்துத் திறக்க வேண்டும்.

தம்பியை ஈவென்ட் வியூவரைப் பின்னோக்கி ஓட்டச் சொன்னேன். கட்டங்கள் காலியான வாரத்துக்கு முன்னால், ஒரு ராத்திரி, லோட்பெர்ஃப் என்ற மூலத்திலிருந்து 3011ம் 3012ம். கவுண்டர் பெயர்களை நீக்கும் முயற்சி தோற்றது என்பது முதலாவது. ரிஜிஸ்ட்ரியில் உள்ள பெயர்கள் கெட்டுவிட்டன என்பது அடுத்தது. அதே நேரத்தில் இன்ஸ்டாலர் லாகில், ஒரு பழைய பேக்கப் மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்த பதிவு. மென்பொருளை எடுத்தவர் ஹெட் ஆபீஸிலிருந்து ரிமோட்டில் வந்து, பாதியில் லிங்க் அறுந்துபோய், அப்படியே விட்டுப் போயிருக்கிறார். பெயர்ப் பட்டியலைத் திருத்தி எழுதும் நடுவில் கை எடுத்த மாதிரி. சர்வீசஸ் கிளையில் அந்த மென்பொருளின் சாவி இன்னும் கிடக்கிறது, அதில் லைப்ரரி என்ற மதிப்பு ஒரு டிஎல்எல்லைக் காட்டுகிறது, அந்த ஃபோல்டரே டிஸ்க்கில் இல்லை.

அன்லாட்சிடிஆர் கொடுத்து அந்தப் பெயரை முறையாக எடுத்தாயிற்று. இதற்குத்தான் ஓஎஸ் போட இருந்தார்கள்.

இதே மாதிரி ஒன்றைத் தம்பு செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் பார்த்திருக்கிறேன். மாடிப்படி ஒரு ஆள் அகலம், சர்வர் இருந்தது பழைய ஃபைல் அடுக்குக்குப் பின்னால். அங்கே கவுண்டர் எல்லாம் வந்தது, ஆனால் பெர்ஃப்மான் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆகும். யாரும் அதைக் கோளாறாகவே நினைக்கவில்லை, "பழைய மிஷின் சார், மெதுவாத்தான் வரும்" என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். ஸ்லாஷ் க்யூ போட்டால், எப்போதோ தூக்கி எறிந்த ஒரு பிரின்டர் மேலாண்மை மென்பொருளின் டிஎல்எல் எனேபிள்டாகவே நின்றது. இல்லாத ஒரு பிரின்ட் சர்வரை அது ஒவ்வொரு தடவையும் நெட்வொர்க்கில் தேடிப்போய், பதில் வராமல் களைத்துத் திரும்பும் வரை மற்றவர்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். லாட்சிடிஆர் ஸ்லாஷ் டி கொடுத்து அதை நிறுத்தினேன். பெர்ஃப்மான் சட்டென்று திறந்தது. அந்த ஆபீஸ் பெரியவர், "அப்ப புது மிஷின் வாங்க வேணாமா?" என்று கேட்டபோது அவர் முகத்தில் இருந்த ஏமாற்றம்! அவர் மகன் ஏற்கெனவே கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தான்.

அக்டோபர் 21

நேற்று எழுதியதற்கு ஒரு சேர்க்கை. ஸ்லாஷ் டி என்றால் டிஸேபிள், ஸ்லாஷ் இ என்றால் எனேபிள். இரண்டும் திரும்பப் பெறக்கூடியவை. அன்லாட்சிடிஆர் அப்படி இல்லை, ஐஎன்ஐ கோப்பு கையில் இல்லாவிட்டால் திரும்பப் பதிவு செய்ய வழி இருக்காது. ஆகவே சந்தேகம் இருக்கிற வரை ஸ்லாஷ் டியோடு நிறுத்துங்கள்.

அக்டோபர் 24

"டாஸ்க் மேனேஜரில் சிபியு ஒன்று காட்டுகிறது, பெர்ஃப்மானில் வேறு காட்டுகிறது, என் கவுண்டரும் கெட்டுவிட்டதா?" பெரம்பூர்க்காரர் ஒருவர்.

கெடவில்லை. இரண்டும் வெவ்வேறு கணக்கு. விண்டோஸ் 8லிருந்து வந்த பல பதிப்புகளில் டாஸ்க் மேனேஜர் காட்டுவது புராசஸர் யுட்டிலிட்டி சதவீதம். சிபியு எந்த வேகத்தில் ஓடியது என்பதையும் சேர்த்துக் கணக்கிடும். டர்போவில், அதாவது வழக்கமான வேகத்துக்கு மேல், ஓடினால் அந்தக் கவுண்டர் 100ஐத் தாண்டவும் செய்யும். டாஸ்க் மேனேஜர் அதை 100லேயே நிறுத்திக் காட்டும். பழைய புராசஸர் டைம் சதவீதம் என்பது சிபியு சும்மா இல்லாத நேரம் எவ்வளவு என்பது மட்டும். மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் அதற்கு ஒன்றுதான். அலர்ட் வைக்க எது நல்லது என்று கேட்டால், பழைய வரலாற்றோடு ஒப்பிடப் புராசஸர் டைம். எனக்கு அதுதான் பழக்கம். வேறு அபிப்பிராயம் உள்ளவர்கள் சண்டைக்கு வரலாம்.

கூடவே ஒன்று. 64க்கு மேற்பட்ட லாஜிக்கல் புராசஸர் உள்ள பெரிய சர்வர்களில் பழைய புராசஸர் ஆப்ஜெக்ட் போதாது, புராசஸர் இன்ஃபர்மேஷன் ஆப்ஜெக்டைப் பாருங்கள். வடசென்னையில் என் கைக்கு வந்த எந்த ஆபீஸிலும் அந்தப் பிரச்சினை எழுந்ததில்லை!

அக்டோபர் 25

லினக்ஸ் ரசிகர் ஒருவர் வந்து, "ப்ராக் ஃபோல்டரில் ஸ்டாட் கோப்பைப் படித்தால் முடிந்தது, இதற்கு எதற்கு இவ்வளவு பாடு" என்கிறார். உண்மைதான், பொறாமையாகத்தான் இருக்கிறது. எடை மேடை மென்பொருளை லினக்ஸில் எழுதித் தரச் சொல்லுங்கள், நாளைக்கே மாறுகிறோம். அதுவரை பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிடப் போகலாம், செலவு அவருடையது.

அக்டோபர் 27

தம்பி எஸ்க்யூஎல்லை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எழுப்பிவிட்டார். எஸ்க்யூஎல்லுக்குள்ளேயே டிஎம் ஓஎஸ் பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர்ஸ் என்ற வியூவைக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். முன்பு ஒரு வரிகூட வராமல் இருந்தது, இப்போது நிறைய வரிகள். அந்த வியூவில் வந்தாலே எஸ்க்யூஎல் தன் பங்கைச் செய்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஹெட் ஆபீஸ் திரையில் மட்டும் உடனே வரவில்லை. யார்டு சர்வரில் ரிமோட் ரிஜிஸ்ட்ரி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ததும் வந்தது. தொலைவிலிருந்து கவுண்டர் கேட்கிறவர்களுக்குக் கதவு அந்த சர்வீஸ்தான். அது பழைய பட்டியலையே கையில் பிடித்துக்கொண்டிருந்தது.

வந்த முதல் அளவில், எஸ்க்யூஎல்லுக்கு வினாடிக்கு வரும் கட்டளைத் தொகுதிகளைச் சொல்லும் பேட்ச் ரிக்வெஸ்ட்ஸ் பூஜ்யம் என்று இருந்ததாம், தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வினாடிக்கு இத்தனை என்று சொல்கிற கவுண்டர் எல்லாமே இரண்டு முறை படித்து வித்தியாசம் பார்த்துத்தான் சொல்ல முடியும். முதல் படிப்பில் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அடுத்த சுற்று வரை பொறுங்கள்.

நவம்பர் 3

தீபாவளி முடிந்து வந்து பார்த்தால் இழை நீண்டிருக்கிறது. எம்.சி. ரோட்டுக் கூட்டத்தில் தொலைத்த செருப்பைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

2147485654, 2147485656 இந்த இரண்டு எண்ணும் வருகிறது என்று ஒருவர். ஒன்று பகுதி (வகுக்கும் எண்) எதிர்மறை, மற்றது மதிப்பே எதிர்மறை. இரண்டு படிப்புகளுக்கு நடுவில் நேரமோ எண்ணிக்கையோ பின்னால் போய்விட்டது என்று அர்த்தம். எப்போதாவது ஒன்று வந்தால் விட்டுவிடுங்கள். அடிக்கடி வந்தால், அதுவும் விர்ச்சுவல் மெஷினாக இருந்தால், கடிகாரத்தை யார் திருத்துகிறார்கள் என்று பாருங்கள். ஹோஸ்ட்டும் டொமைனும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்.

இன்னொருவர் பிராசஸ் கவுண்டரை வைத்து அலர்ட் எழுதியிருக்கிறார். ஒரே பெயரில் இரண்டு எஸ்க்யூஎல் ஓடுகிறது. ஒன்றுக்கு வெறும் பெயர், மற்றதற்குப் பெயரோடு ஹாஷ் 1. முதலாவது நின்றால் இரண்டாவதன் வாலில் இருந்த ஹாஷ் 1 போய்விடும், அது முதலாவதன் பெயரில் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் கிராஃபில் ஒருவர் கணக்கு இன்னொருவர் தலையில். கவுண்டர் கெடவில்லை, ஆள் மாறிவிட்டார். ஐடி பிராசஸ் என்ற கவுண்டரையும் கூடவே எடுத்து ஒப்பிடுங்கள். எஸ்க்யூஎல்லுக்கு மட்டும் என்றால் அதன் சொந்த ஆப்ஜெக்டுகளே போதும்.

நவம்பர் 4

மணலித் தம்பியின் மேனேஜர் இப்போது கேட்பது: "போன மாசம் காலியா இருந்தது யாருக்கும் ஏன் தெரியலை?" நியாயமான கேள்வி, அவரிடமிருந்து வந்தது ஆச்சரியம். சிபியு 90ஐத் தாண்டினால் அலர்ட் என்று வைத்திருக்கிறார்கள். காலி என்பது 90ஐத் தாண்டாது. பல இடங்களில் மானிட்டரிங் மென்பொருள் தரவு இல்லாததைப் பூஜ்யமாக வரைந்து பச்சை விளக்கும் போட்டுவிடுகிறது. தரவு வராமல் இருப்பதற்கே தனி அலர்ட் வையுங்கள், மழை நாளில் லிங்க் விழுந்து வருவதற்கும் அதற்கும் வேறு நிறம் கொடுங்கள்.

நவம்பர் 5

தம்பியின் கடைசிக் கேள்வி. மானிட்டரிங் கணக்குக்கு இதுவரை அட்மின் உரிமை கொடுத்து வைத்திருந்தார்கள், ஆடிட்டர் எடுக்கச் சொல்லிவிட்டார். எடுத்ததும் கட்டம் காலி. பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர் யூசர்ஸ் குழுவில் சேர்த்த பிறகும் காலி.

கணக்கைக் குழுவில் சேர்ப்பது சரி. ஆனால் ஏற்கெனவே லாகான் ஆகி ஓடிக்கொண்டிருக்கிற சர்வீஸுக்குப் புதுக் குழு தெரியாது. பாரிமுனையில் மானிட்டரிங் சர்வீஸை நிறுத்தி எழுப்புங்கள், அந்தக் கணக்கு யார்டு சர்வரில் திரும்ப உள்ளே வரட்டும். டபிள்யூஎம்ஐ வழியாக எடுப்பதாக இருந்தால் இந்தக் குழு மட்டும் போதாது. டிகாம் (வேறு கணினியிலிருந்து பேச விடும் விண்டோஸ் வசதி) அனுமதியும், டபிள்யூஎம்ஐயின் ரூட்டுக்குள் சிம்வி2 நேம்ஸ்பேஸ் என்ற பிரிவில் ரிமோட் எனேபிளும் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு எண் வந்தால் வந்த எண்ணையும், வராவிட்டால் லாகில் உள்ள எண்ணையும் இங்கே போடுங்கள்.

நவம்பர் 5, மதியம்

வந்துவிட்டதாம். டிகாம் தான் பாக்கி இருந்தது.